ஹம்பர் ஆற்றங்கரைச் சம்பந்தங்கள்

அன்பின் வதனிக்கு,

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆற்றங்கரையிலை எனக்கு என்ன வேலையெண்டு கேட்டிருந்தாய். வம்பளக்கிறதுதான் வேலை. ஆக்களைப் பற்றி இல்லையடி, தாராக்களைப் பற்றி. இவர் எனக்கு விசர் முத்திப்போச்சுதெண்டு சொல்லித் திரியிறார்.

கென்னடியிலை ரயில் ஏறி ஓல்ட் மில் ஸ்டேஷனிலை இறங்கினால் கீழே ஹம்பர் ஆறு. ரொறன்ரோ மாதிரி நகரத்திலை இவ்வளவு கரை கட்டிடமில்லாமல் எப்படித் தப்பினது எண்டு யோசிப்பாய். 1954 ஒக்ரோபரிலை ஹேசல் சூறாவளி வந்து ஒன்ராறியோவிலை 81 பேர் செத்துப்போச்சினம். ரேமோர் டிரைவ் எண்ட ஆற்றங்கரைத் தெருவிலை வீடுகள் ஒரே இரவிலை ஆக்களோடை அள்ளுண்டு போச்சுது. அதுக்குப் பிறகு வெள்ளம் ஏறுற காணியிலை வீடு கட்ட விடேல்லை, பூங்காவாக்கி விட்டிட்டினம். அந்தக் காணிக்குத்தான் இப்ப தாராக்கள் உரித்தாளியள்.

சரி, விஷயத்துக்கு வாறன். மல்லாட் எண்டு பச்சைத் தலைத் தாரா இருக்கெல்லோ, கோடையிலை ஆணின்ரை வடிவெல்லாம் போயிடும். செட்டையிலை பறக்கிற இறகெல்லாம் ஒரேயடியா விழுந்து, மூண்டு நாலு கிழமை பறக்கேலாமல், பெட்டையின்ரை மண்ணிறத்திலை புல்லுக்குள்ளை ஒளிச்சுத் திரிவார். புரட்டாசி, ஐப்பசியிலை புது உடுப்போடை, வாலடியிலை கறுப்பு இறகைச் சுருட்டி விட்டுக்கொண்டு வருவார் பார், நல்லூர்த் தேருக்கு வாற இளந்தாரியள் தோத்தாங்கள்! ஏனெண்டால் மேப்பிள் இலை கொட்டுற காலந்தான் அவையின்ரை கலியாணப் பேச்சுக் காலம். முட்டையிடுறது வசந்தத்திலை, சோடி சேருறது இப்பவே.

போன கிழமை அஞ்சாறு ஆண் ஒரு பெட்டையைச் சுத்தி வளைச்சு நிண்டிச்சினம். ஒருத்தர் சொண்டாலை தண்ணியைச் சுண்டி எறிஞ்சு, தண்ணியை விட்டு எழும்பி, சொண்டை நெஞ்சோடை இழுத்து ஒரு விசில் அடிச்சார். அவள் கணக்கெடுக்கேல்லை. தான் தெரிஞ்செடுத்தவருக்குப் பின்னாலை ஒட்டிக்கொண்டு நீந்தினாள். வேறை ஆரும் கிட்ட வந்தால் தோளுக்கு மேலாலை சொண்டை நீட்டி நீட்டி வெருட்டினாள். தன்ரை ஆளை ஏவி விடுறாளாம், 'உவனைக் கலை' எண்டு! கொன்ராட் லோரன்ஸ் எண்டவர் இந்த ஆட்டத்தையெல்லாம் வரிசையா எழுதி வைச்சவர். விலங்குகளின்ரை நடத்தையை ஆராய்ஞ்சதுக்கு 1973இலை நோபல் பரிசிலும் பங்கு கிடைச்சது. உங்கடை ஒழுங்கைக் கலியாணத் தரகர் எத்தினை வருஷமா இதே வேலையைச் செய்யிறார், ஒரு பொன்னாடையும் இல்லை.

இவ்வளவு ஆட்டம் ஆடினவர், அவள் அடைகாக்கத் தொடங்கினால் மெல்ல மாறிவிடுவார். குஞ்சு வளர்க்கிற பாடு முழுக்க அவளுக்குத்தான். பக்கத்து வீட்டு அன்ரி இதைக் கேட்டிட்டு, "நாசமாய்ப் போவான்" எண்டு அந்தத் தாராவைத் திட்டினா பார், ஆரை நினைச்சுத் திட்டினாவோ தெரியாது.

ஒழுங்கானவையும் இருக்கினம். பஃபிள்ஹெட் எண்ட குட்டித் தாரா, வடக்குக் காட்டிலை மரங்கொத்தி விட்டிட்டுப் போன பொந்துக்குள்ளை முட்டையிடும். குளிர் தொடங்க ஆறு ஏரியோடை சேருற இடத்துக்கு வந்திடும். கன வருஷம் அதே சோடியோடையே இருக்கும். கனடா வாத்தும் உத்தமர்தான், ஆனால் நடைபாதையெல்லாம் எச்சம் போட்டு வைக்கிறதாலை எனக்கு அவரிலை மரியாதை இல்லை.

உன்ரை பக்கம் மன்னாருக்கு ஊசிவால் தாராக்கள் வாற காலமும் இதுதான். வட ஆசியாவிலையிருந்து வாறவை. அவையும் குளிர் காலத்திலைதான் சோடி தேடுறவை. அப்ப கனக்கச் சம்பந்தம் உங்கடை தரவையிலைதானடி முற்றாகுது! தள்ளாடியாலை பஸ்ஸிலை போகேக்கை யன்னல் பக்கமா இரு. ஆர் ஆரோடை எண்டு ஒண்டும் விடாமல் எழுது.

அன்புடன்,
உன் கௌரி