காலம் கடந்து வந்த தீர்த்தம்

இராவண வதம் முடித்துத் திரும்பிய இராமபிரான் தீர்த்தமலையில் சிவபூஜை செய்யத் திருவுளம் கொண்டார். காசித் தீர்த்தம் கொணர அனுமனை அனுப்பினார். அவர் வரத் தாமதமாகவே, பாறையில் அம்பெய்து நீர் வரவழைத்தார் என்பது தலவரலாறு. அந்த இராமதீர்த்தம் இன்றும் மலைமீது பாறையிலிருந்து வீழ்கிறது. அரூர் வட்டாரத்தில் எவருக்கு உடல் நலிந்தாலும் முதலில் நினைவுக்கு வருவது அந்த நீர்தான்.

அரூரில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கும் அவ்வாறே நேர்ந்துகொண்டார்கள். மாசித் திருவிழாவுக்கு ஒருமுறையும் தவறாதவர் அவர். கணவர் மறைந்த மறு ஆண்டு பூஜையறை விளக்கை ஏற்றாது விட்டார். உணவு குறைந்தது. விடியற்காலை 3 மணிக்கே விழிப்பு வரும். கட்டிலை விட்டு இறங்கவோ மனம் வராது. "சாமி கும்பிடக்கூடத் தோன்றவில்லையே, நான் பாவி" என்று அழுவார். உறவினர் சிலரும் அதையே சொன்னதுதான் கொடுமை. பக்தி குறைந்ததால் நோய் வரவில்லை, நோய் வந்ததால்தான் கைகூப்பவும் இயலவில்லை என்பதை அவ்வீட்டில் முதலில் உணர்ந்தவர் மருமகள்.

மருத்துவர் ஒரு மருந்தை உரிய அளவில், உரிய காலம் கொடுத்தார், பின்னர் மற்றொன்று. இரண்டும் பயன் தராதபோது, மருந்துக்கு எளிதில் வசப்படாத மனச்சோர்வு இது என்றார். காந்தத் தூண்டல் சிகிச்சையைப் பரிந்துரைத்தார்.

"அம்மாவின் தலையில் கரண்ட் வைக்கப் போகிறீர்களா?" என்று மகன் பதறினார்.

1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கர் குழுவினர் செய்துகாட்டிய முறை அது. தலைமேல் வைக்கும் கம்பிச்சுருளில் எழும் காந்தப்புலம், மண்டையோட்டைக் கடந்து மூளையில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. பெரும்பாலும் நெற்றியின் இடப்புறம் உள்ள பகுதியே இலக்கு. மயக்கமருந்து இல்லை, நோயாளி விழித்தபடி நாற்காலியில் அமர்ந்திருப்பார். மரங்கொத்தி கொத்துவது போன்ற ஒலி கேட்கும். சிலருக்குத் தலைவலி வரும். மிக அரிதாக வலிப்பும் வரலாம். தலைக்குள் உலோகம் பொருத்தப்பட்டவர்களுக்கு ஆகாது. வாரத்தில் 5 நாட்களாக 4 முதல் 6 வாரங்கள் நடைபெறும். பெங்களூர் நிமான்ஸ் முதலிய மருத்துவமனைகளில் இவ்வசதி உண்டு. மகன் அஞ்சிய மின்னதிர்வுச் சிகிச்சை வேறு. அதையும் இன்று மயக்கமருந்து கொடுத்தே செய்ய வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம்.

மூன்றாம் வாரத்தில் ஒருநாள் அம்மா தாமாகவே காபி கேட்டார். வீட்டார் அறிந்த முதல் மாற்றம் அதுவே.

அதன்பின் மருத்துவர் நடக்கச் சொன்னார். 2011இல் போர்ச்சுகல் நாட்டில் இத்தகைய நோயாளிகள் 33 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. மருந்துடன் வாரம் 5 நாள், 30 முதல் 45 நிமிடம், 12 வாரங்கள் நடந்தவர்களில் நான்கில் ஒருவர் அளவில் நோய்க்குறிகள் நீங்கின. மருந்து மட்டும் உண்டவர்களில் எவருக்கும் அவ்வாறு நீங்கவில்லை. சிறிய ஆய்வுதான், ஆயினும் நடைக்குச் செலவேதும் இல்லையே! "எழுந்து நடந்தால் சரியாகிவிடும்" என்று முன்பே பலர் அவரிடம் சொன்னதுண்டு. எழ இயலாமையே நோயாக இருப்பவரிடம் அதைச் சொல்லி என்ன பயன்? இப்போது மருமகள் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு உடன் வந்தார். முதல் வாரம் தெருமுனை வரை. அடுத்து பிள்ளையார் கோயில் வரை.

ஏழாம் மாதம் தீர்த்தமலைப் படிகள். வழியில் நான்கு இடங்களில் அமர்ந்தார். இராமதீர்த்தம் தலையில் விழுந்ததும் குளிரில் உரக்கக் கத்தினார். மகன் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். தீர்த்தகிரீஸ்வரர் சந்நிதியில் அம்மா எதுவும் வேண்டவில்லை, வெறுமனே நின்றார். வடிவாம்பிகை சந்நிதியில் விளக்கேற்றினார்.

திரும்பும்போது தென்பெண்ணைக் கரையிலுள்ள அனுமன் தீர்த்தத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். தாமதமாகிவிட்டதென்று அனுமன் வீசியெறிந்த காசித் தீர்த்தம் விழுந்த இடம் அது. நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நெடுநேரம் படித்துறையில் அமர்ந்திருந்தார்.

"கிளம்பலாமா அத்தை?"

"இரவு மாத்திரையை எடுத்து வந்தாயா அம்மா?" என்று கேட்டபடியே எழுந்தார்.