முகவரிதாரர்

நான் விற்றுவிட்ட பைக்குக்காக எனக்குக் கடிதம் வந்தது. பிரேக் ஆயில் போகும் குழாய் கசியக்கூடும், வண்டியைக் கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று. வண்டியை வெள்ளிமலைப் பக்கத்துக்காரர் ஒருவருக்கு விற்று இரண்டு வருஷமாகிறது. படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பெயர் மாற்றுவது அவர் பாடு என்று இருந்துவிட்டேன். அவரும் மாற்றவில்லை.

கடிதம் நான்கு நாள் மேஜைமேல் கிடந்தது. விற்பதற்கு முன்பே பிரேக் சில சமயம் பிடிப்பில்லாமல் இறங்கியது எனக்குத் தெரியும். விலை பேசும்போது சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

குறையை ஒப்புக்கொண்டு தயாரிப்பாளரே வண்டியைத் திரும்ப அழைப்பது நம்மிடம் புதுசு. 2012-லிருந்து தாமாகச் செய்துவந்தார்கள். 2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2021 ஏப்ரல் 1 முதல், ஏழு வயதுக்குட்பட்ட வண்டிகளைப் பற்றிக் குறிப்பிட்ட அளவு புகார் சேர்ந்தால் அரசே கட்டாயப்படுத்தலாம். அந்த மே மாதமே ராயல் என்ஃபீல்டு, இக்னிஷன் காயில் கோளாறுக்காக 2,36,966 பைக்குகளைத் தானாகவே அழைத்தது. எத்தனை லட்சமானாலும் அழைப்பு போவது ஒரு பெயருக்கு. பதிவேட்டில் பெயர் இருப்பவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்சநீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. என் வண்டியோ என் பெயரைச் சுமந்துகொண்டு கல்வராயன் மலையில் ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் கிளம்பினேன். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி பஸ் வளைவு வளைவாக ஏறியது. வண்டி அவர் வாசலில் நின்றது. கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

"வாங்குனப்பவே அது அப்பிடித்தான் சார். எறங்கும்போது கியர்லியே வந்துருவேன்" என்றார்.

குறை சொல்லும் குரலில்லை. கசிகிற இடத்தில் யாரோ டேப் சுற்றியிருந்தார்கள். அவருக்கு அது கோளாறே அல்ல, வண்டியின் சுபாவம். சுபாவத்தைப் பற்றி யாரும் புகார் எழுதுவதில்லை. புகார்களை எண்ணும் சட்டத்தில் அவர் எண்ணப்படவே மாட்டார்.

ஒர்க்‌ஷாப் இருப்பது கள்ளக்குறிச்சியில். பிரேக்கைச் சரிசெய்ய அதே பிரேக்கை நம்பி மலையிறங்க வேண்டும். மரவள்ளிக்கிழங்கு ஏற்றிவந்த டெம்போ ஒன்றில் பைக்கைப் படுக்கவைத்துக் கட்டி இறக்கினோம். வாடகை நான் கொடுத்தேன்.

ஒர்க்‌ஷாப்பில் உரிமையாளர் பெயர் கேட்டார்கள். என் பெயரைச் சொன்னேன். வண்டிக்காரர் தூணோரம் நின்றிருந்தார். குழாய் மாற்ற அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

"எங்களுக்காக இம்மாந்தூரம் அலைஞ்சீங்களே சார்" என்றார்.

எனக்கு அப்போதே தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டார். சத்தத்தில் கேட்டிருக்காது என்று நானே முடிவுசெய்து சும்மா இருந்தேன்.

அடுத்த வாரம் பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுத்தோம். இனி ஏதாவது கடிதம் வந்தால் அவருக்கே போகும். நான் சொல்லாமல் விட்டது மட்டும் இன்னும் என் முகவரியில்தான் இருக்கிறது.