சொறிநாய்

வைரவரின் வாகனம் என்று நாயை வணங்குகின்ற நம்மவரிடையே, 'சொறிநாய்' என்பது வசைச்சொல்லாக வழங்குவது விந்தையே.

மாரி கழிந்ததும், இறக்கக்கண்டியிலுள்ள நம் இல்லத்து எட்டு மாதக் குட்டிக்குக் கண்ணைச் சுற்றியும் முன்னங்கால்களிலும் உரோமம் உதிரலாயிற்று. கடலிற் குளிப்பாட்டுமாறு ஒருவர் கூறினார். வேப்பெண்ணெய் பூசுமாறு மற்றொருவர் கூறினார். மூன்றாமவரோ தம் படகு இயந்திரத்திலிருந்து வடித்த கழிவு எண்ணெயைப் போத்தலிற் கொண்டே வந்துவிட்டார். அன்பின் மிகுதிதான். ஆயினும் அது நஞ்சு. தோலைப் புண்ணாக்குவதோடு, நாய் உடலை நக்கும்போது வயிற்றினுள்ளும் சென்று கேடு விளைக்கும். நன்றி கூறி வாங்கி, போத்தலை ஒதுக்கி வைத்தோம்.

"பிள்ளைகள் புழங்கும் வீடு, நாயை எங்கேனும் தொலைவில் விட்டுவிடுங்கள்" என்ற குரலும் எழுந்தது. அதற்கு விடை மிருக வைத்தியரிடமே கிடைத்தது. அவர் தோலைச் சுரண்டியெடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்கினார்.

சொறி என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவற்றுள் இரு வேறு நோய்கள் உள. ஒன்று சார்கோப்டிஸ் என்னும் சிற்றுண்ணியால் வருவது. பெண் உண்ணி தோலைக் குடைந்து முட்டையிடும். காதோரம், முழங்கை, வயிறு ஆகிய இடங்களில் உறக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு உண்டாகும். நாய்க்கு நாய் தொற்றும். மனிதருக்கும் சின்னாள் அரிப்பைத் தரும், ஆனால் நம் தோலில் நிலைத்து வாழாது. வீட்டு நாய்கள் அனைத்துக்கும் ஒருங்கே மருந்திட வேண்டும். சுரண்டலில் இவ்வுண்ணி அகப்படாமற் போவதும் உண்டு. ஆகவே குறிகளைக் கொண்டே வைத்தியர் மருந்து தொடங்குவதுமுண்டு.

மற்றது டெமோடெக்ஸ். சுருட்டு வடிவான இவ்வுண்ணி மயிர்க்கால்களிற் குடியிருப்பது. பிறந்த முதற்சில நாட்களில் தாயிடமிருந்து குட்டிக்கு வருவது. பெரும்பாலான நாய்களிற் சிறிதளவு இருந்துகொண்டே, உடலின் எதிர்ப்பாற்றல் குன்றும்போது பெருகுவது. மனிதருக்குத் தொற்றாது. நம் குட்டிக்கு வந்தது இதுவே. பிள்ளைகளைப் பற்றிய அச்சம் அத்துடன் தீர்ந்தது. இந்நோய்க்கு அரிப்படக்கும் ஸ்டீரொயிட் மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகும் என்றும் வைத்தியர் எச்சரித்தார்.

யப்பானிய மண்ணின் நுண்ணுயிரொன்றிலிருந்து பிறந்த ஐவர்மெக்டின், அதன் வழிவகுத்த ஒமுராவுக்கும் காம்பெலுக்கும் 2015இல் நோபல் பரிசில் பங்கு தேடித்தந்தது. எனினும் மாட்டுக்கான ஊசிமருந்தை உத்தேச அளவில் நாய்க்கு ஏற்றுவது ஆபத்து. கோலி இன நாய்கள் இறக்கவும் கூடும். நம் குட்டிக்கு இக்காலத்து மாத்திரையே கொடுக்கப்பட்டது.

உரோமம் இப்போது அடர்ந்து முளைத்துவிட்டது. இனி மருந்து எதற்கு என்று வீட்டார் கேட்கின்றனர். ஒரு மாத இடைவெளியில் இருமுறை சுரண்டிப் பார்த்து, இருமுறையும் உண்ணி இல்லையென்று கண்ட பின்பே நிறுத்தல் வேண்டும். முதலாவது முடிந்தது, அடுத்தது வரும் வாரம்.