அப்பாவின் புல்லட்டும் சிவப்பு ஃப்யூஸும்

மலருக்குக் கவிதை எழுத நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஃப்யூஸ் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன், சிரிக்காமல் படியுங்கள்.

எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் எது ரிப்பேரானாலும் "டிப்ளமா படிக்கிறான்ல, அவன்கிட்ட குடு" என்பார்கள். அப்படித்தான் அப்பாவின் புல்லட்டும் வந்தது. அப்பா நம்ம ஊர்ப் பீங்கான் சூளையில் மெருகு முக்கியவர். இப்போது அகல் விளக்கும் பொம்மையும் ஊர் ஊராக விற்கிறார். வண்டி பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் ராயல் என்ஃபீல்டு, மூன்று கை மாறியது. ஹெட்லைட், ஹாரன், இக்னிஷன் காயில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி ஃப்யூஸ். எங்காவது ஒரு வயர் உரசினால் விளக்கும் இன்ஜினும் சேர்ந்தே நிற்கும்.

போன கார்த்திகை சீசனில் மங்கலம்பேட்டை தாண்டி அப்படி நின்றது. லாரி ஓடுகிற ரோட்டில், கும்மிருட்டில், மூட்டையோடு தள்ளிக்கொண்டு வந்தார். மறுநாள் ஒருவர் சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளை ஃப்யூஸில் சுற்றி, "இனிமே போகவே போகாது" என்றார். உண்மைதான், ஃப்யூஸ் போகாது. வயர் எரியும்.

ஃப்யூஸ் பல்பைக் காப்பாற்றுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது வயரை. செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். சாதாரண பி.வி.சி. உறைக்கு 70 டிகிரிதான் கணக்கு. அந்த உறை எரிகிற இடத்துக்கு மேலேதான் பெட்ரோல் டேங்க். வீட்டு மெயின் போர்டில் இருக்கிற வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ் கட்டை நம்ம ஊரில் செய்த சரக்கு. கம்பி உருகும்போது வரும் பொறியில் பீங்கான் எரியாது. அதிலேயே தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைக்கிற மகான்கள் நம் தெருவில் உண்டு!

பாலக்கரையில் ஆறு வழி பிளேடு ஃப்யூஸ் பெட்டி வாங்கினேன். ஃப்ரேமில் மாட்டிய எர்த் வயரை முதலில் கழற்றினேன். பழைய வயரை உரித்தால் செம்பெல்லாம் பச்சைக் களிம்பு, அதற்கே ஒரு ஞாயிறு போச்சு. பேட்டரியை ஒட்டி 15 ஆம்பியர் மெயின். சாவி சுவிட்சைத் தாண்டியதும் மூன்றாகப் பிரித்தேன். வாட்ஸை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர்: 60 வாட் ஹெட்லைட் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 10 ஆம்பியர் ஃப்யூஸும் அதைத் தாங்குகிற புது வயரும் போட்டேன். இக்னிஷனுக்கு 7.5. ஹாரன், பிரேக் லைட்டுக்கு இன்னொரு 10. ஹெட்லைட்டின் இரண்டு பக்கமும் இருக்கிற சின்ன விளக்குகளை இதோடு சேர்த்தேன், பெரிய விளக்கு போனாலும் கொஞ்சம் வெளிச்சம் மிஞ்சும்.

கண்ணாடி ஃப்யூஸில் எண்ணை மூடியில் எறும்புக் கால் மாதிரி பொறித்திருப்பார்கள். அப்பாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. பிளேடு ஃப்யூஸில் நிறம்தான் எண். பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15. (5 ஆம்பியர் வெளிர் பழுப்பு. ராத்திரியில் குழப்பும் என்று அதை வாங்கவே இல்லை.) சூளையில் நிறம் பார்த்தே பழகிய கண் அவருக்கு. ஒரு சிவப்பை உருவிவிட்டு, "இப்ப என்னப்பா செய்வீங்க?" என்றேன்.

"சிவப்புக்குச் சிவப்பு. தீந்துட்டா நீலம் போடலாமாடா?"

"கூடாதுப்பா, வயர் தாங்காது."

"பழுப்பு?"

"அது சின்னது. வீடு வரைக்கும் வரலாம்."

போன மாதம் உளுந்தூர்ப்பேட்டை போய்விட்டு வந்தவர், "ஹாரன் சிவப்பு ஒண்ணு போச்சு, மாத்திட்டேன். வேற ஒண்ணு வாங்கி வை" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நான் டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். ஹேண்டில் திரும்புகிற இடத்தில் ஹாரன் வயர் உரசித் தேய்ந்திருந்தது.