பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்

எங்கள் வீட்டு மடிக்கணினியில் உள்ளவற்றை வாப்பா மனதுக்குள் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார். ஒன்று, தொலைந்தால் எப்படியாவது தேடிக்கொள்ளக் கூடியவை: என் பாடக் குறிப்புகள், கடந்தகால வினாத்தாள்கள், கடைக் கணக்கு. மற்றையது, தொலையவும் கூடாது, வெளியே போகவும் கூடாது என்பவை. அதில் முதலிடம் ராத்தாவின் திருமணப் படங்களுக்கு. பெண்கள் பக்கத்தில் எடுத்த படங்கள் அவை. எடுத்தவரும் ஒரு பெண்தான். கமெராவிலிருந்து நேரே எங்கள் மடிக்கணினிக்கு மாற்றிவிட்டு, உம்மாவின் முன்னாலேயே மெமரி காட்டை அழித்துக் காட்டினார். அதன் பிறகு அவை எவருடைய கைபேசிக்கும் போனதில்லை.

இதை முதலில் சொல்லாவிட்டால், பின்னால் நடந்தவற்றில் வாப்பா வீணாகப் பயந்தவர் போலத் தோன்றிவிடும்.

கோளாறு சிறியதுதான். பகலில் மடிக்கணினி ஒழுங்காக வேலை செய்யும். மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் மூடியை மூடிவிட்டுத் தொழப் போவேன். வந்து திறந்தால் வைபை இருக்காது. எங்கள் ரவுட்டரின் பெயர் மட்டுமல்ல, அயல் வீட்டுப் பெயர்கள்கூடப் பட்டியலில் வராது. நிறுத்தி மீண்டும் தொடக்கினால் எல்லாம் வந்துவிடும். ஆனால் 2018இல் ராத்தாவின் படிப்புக்காக வாங்கிய அந்த மடிக்கணினி எழும்பி உட்கார எட்டு நிமிடம் எடுக்கும். ஆறே முக்காலுக்கு இணைந்த கணித ஸூம் வகுப்பு. தொகையீட்டில் முதல் எட்டு நிமிடத்தைத் தவறவிட்டவளுக்கு மீதி ஒன்றரை மணித்தியாலமும் வேற்று மொழிதான். உயர்தரம் படிக்கும் தோழியருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாப்பா அதை ஒரு திருத்தும் கடைக்குக் கொண்டு போனார். அங்கிருந்தவர் கறுப்புத் திரையொன்றைத் திறந்து ஒரு கட்டளையைத் தட்டினாராம். நீளமான பட்டியலொன்று ஓடியது. அதில் 'வயர்லெஸ் லேன் அடப்டர்' என்று மூன்று இருந்தன. ஒன்றின் பெயர் வைபை. மற்றைய இரண்டும் 'லோக்கல் ஏரியா கனெக்ஷன்* 1', 'லோக்கல் ஏரியா கனெக்ஷன்* 2'. "உங்கட மெஷினுக்குள்ள ஒரு வைபை காட் தான் இருக்கு. மத்த ரெண்டும் யார்ர?" என்று கேட்டிருக்கிறார். யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள், முழுவதையும் போர்மட் பண்ண வேண்டும், 3,500 ரூபா என்பது அவரது தீர்ப்பு. "படங்களெல்லாம் இருந்தா நான் கொப்பி பண்ணி வெச்சுத் தாறன், பயப்படாதீங்க" என்றும் சொன்னாராம்.

வாப்பா உண்மையில் பயந்தது அந்த வசனத்துக்குத்தான் என்று நினைக்கிறேன். மடிக்கணினியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்து, அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். எனது வகுப்பு உம்மாவின் கைபேசிக்கு இடம் மாறியது. அந்தச் சிறிய திரையில் மேல் எல்லை எது, கீழ் எல்லை எது என்று கண்டுபிடிப்பதற்குள் சேர் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்.

மூன்றாம் நாள் வாப்பாவிடம் கேட்டேன். "ரெண்டு நாள் தாங்க வாப்பா. ஒண்டையும் அழிக்க மாட்டன்." சற்று யோசித்துவிட்டு ஒரு நிபந்தனையோடு தந்தார். ரவுட்டரை நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும். நான் கேட்டிருந்தாலும் இதைவிட நல்ல நிபந்தனை கிடைத்திருக்காது. கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது போலத்தானே.

நானும் அதே கறுப்புத் திரையைத் திறந்து, 'ஐபிகொன்பிக்' கட்டளையை முழு விபரமும் கேட்டுத் தட்டினேன். நட்சத்திரம் போட்ட இரண்டு பெயர்களுக்கும் கீழே விபரம் என்ற வரியில் 'மைக்ரோசொப்ட் வைபை டிரெக்ட் வேர்ச்சுவல் அடப்டர்' என்று இருந்தது. பெயரை மட்டும் நம்பக் கூடாது. யாரும் எந்தப் பெயரையும் போட்டுக்கொள்ளலாம். ஆகவே அதற்கு அடுத்த வரியைப் பார்த்தேன். அங்கேதான் பௌதிக முகவரி இருக்கும். எங்கள் பாடத்தில் மெக் முகவரி என்று படிக்கிறோமே, 48 பிற்றுகள் கொண்ட அதேதான். உண்மையான வைபை காட்டின் முகவரி 94 என்று தொடங்கியது. இரண்டாவது நட்சத்திரத்தின் முகவரி 96 என்று தொடங்கியது. மீதி இலக்கங்கள் அனைத்தும் ஒன்றே.

பதினறும எண்ணைத் துவித எண்ணாக மாற்றும் கணக்கை எத்தனை தடவை செய்து அலுத்திருப்போம்! அன்று முதன்முறையாக அது எனக்கு உதவியது. 94 என்பது 10010100. 96 என்பது 10010110. வலப்பக்கமிருந்து இரண்டாவது பிற்று மட்டும் 0 இலிருந்து 1 ஆகியிருக்கிறது. அந்த ஒரு பிற்றுக்கு ஓர் அர்த்தம் உண்டு. 0 என்றால் முகவரி தொழிற்சாலையில் பொறிக்கப்பட்டது. 1 என்றால் கணினியே உள்ளூரில் உண்டாக்கிக்கொண்டது. அதாவது, நட்சத்திரப் பெயர்காரர் வெளியிலிருந்து வந்தவர் அல்லர். எங்கள் காட்டின் முகவரியையே எடுத்து, ஒரு புள்ளியை மாற்றி எழுதிக்கொண்டு, அதே வீட்டில் இருப்பவர்.

ஏன் இருக்கிறார் என்பது அடுத்த கேள்வி. மறுநாள் பாடசாலையில் தகவல் தொழில்நுட்ப டீச்சரிடம் கேட்டேன். ஒரே வைபை காட்டைக் கொண்டு ஒரே நேரத்தில் இரண்டு வலையமைப்புகளில் இருக்க முடியுமா என்று மைக்ரோசொப்ட்டின் ஆய்வாளர்கள் 2004இலேயே ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அந்தக் காட் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று மிக வேகமாக மாறி மாறி நின்றால் இரு பக்கத்தாருக்கும் அது எப்போதும் இருப்பது போலவே தெரியும். 2009இல் வந்த விண்டோஸ் 7இல் அந்த எண்ணம் மெய்நிகர் அடப்டராக உள்ளே வந்துவிட்டது. இன்று மடிக்கணினியை ஹொட்ஸ்பொட் ஆக்கினாலோ, வயர் இல்லாமல் படத்தைத் தொலைக்காட்சிக்கு அனுப்பினாலோ வேலை செய்வது அதுதான். வேலை இல்லாத நேரத்தில் 'துண்டிக்கப்பட்டுள்ளது' என்ற பலகையோடு சும்மா இருக்கும்.

வாப்பாவுக்கு இதை நான் இப்படிச் சொன்னேன்: "உங்கட போன்ல ரெண்டு சிம் இருக்கு. போன் ஒண்டுதான். வெளிய இருந்து பாக்கிறவனுக்கு ரெண்டு நம்பர். அது மாதிரித்தான்."

வாப்பா ஒப்புக்கொள்ளவில்லை. வியாபாரி அல்லவா. "இப்ப துண்டிச்சிருக்கு எண்டு போட்டிருக்கு. அப்ப முந்தி தொடுபட்டிருந்த தானே?" என்று கேட்டார். இது நியாயமான கேள்வி. சொல்லால் பதில் சொல்ல முடியாது; செய்துதான் காட்ட வேண்டும். ஹொட்ஸ்பொட் போடுவதற்கு இணைய இணைப்பு வேண்டும் என்றேன். வாப்பாவே எழுந்து போய் ரவுட்டரைப் போட்டார். செட்டிங்ஸில் மொபைல் ஹொட்ஸ்பொட்டை இயக்கினேன். கறுப்புத் திரையில் மீண்டும் கட்டளையைத் தட்டியதும் இரண்டாவது நட்சத்திரத்துக்குக் கீழே 192.168.137.1 என்ற முகவரி வந்து நின்றது. ஹொட்ஸ்பொட் போடும்போது விண்டோஸ் வழக்கமாகத் தனக்கு வைத்துக்கொள்ளும் முகவரி அது. நிறுத்தினேன், முகவரி போய் 'துண்டிக்கப்பட்டுள்ளது' வந்தது. போட்டேன், வந்தது. நிறுத்தினேன், போனது. நான்காவது தடவை வாப்பா தானே சுட்டியை வாங்கிப் போட்டு நிறுத்திப் பார்த்தார்.

ஆனால் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. 'ஈதர்நெட் 2' என்ற பெயரில், 'டெப் விண்டோஸ் அடப்டர்' என்ற விபரத்தோடு. கடைக்காரர் இதைக் கவனிக்கவே இல்லை. அவர் வைபை என்ற சொல்லை மட்டும் தேடியிருக்கிறார். இது விண்டோஸுடன் வருவது அல்ல. விபிஎன் மென்பொருள்கள் தமக்காகப் போட்டுக்கொள்வது. அதற்குரிய கோப்புறையைத் தேடிப் பிடித்து, உருவாக்கிய திகதியைப் பார்த்தேன். 2019 மே 14.

திகதியை வாசித்ததும் வாப்பா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்போது எனக்குப் பதினொரு வயது. ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டு, பின்னர் திறக்கப்பட்டு, மே 13இல் மீண்டும் முடக்கப்பட்டன. குருநாகல் பக்கம் எங்கள் ஆட்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்ட நாட்கள் அவை. எங்கள் சாச்சி அந்தப் பக்கம்தான் இருந்தார். கட்டாரில் இருந்த நானா செய்தியைப் பார்த்துவிட்டு, வட்ஸ்அப்பும் மெஸஞ்சரும் வேலை செய்யாமல் தவித்துக்கொண்டிருந்தார். மாமாவின் மகன் ஒரு பென்டிரைவில் அந்த இலவச விபிஎன்னைக் கொண்டு வந்து போட்டுத் தந்ததும், அன்றிரவு மெஸஞ்சரில் நானாவின் முகம் தெரிந்ததும், உம்மா திரையைத் தொட்டுக்கொண்டே அழுததும் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. "ஓம், அது நாங்க போட்டது" என்றார் வாப்பா.

இங்கே என் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மூன்றில், யோசிக்க வேண்டியது இது ஒன்றுதான். விபிஎன் ஓடும்போது நாம் எந்தத் தளங்களுக்குப் போகிறோம் என்பது அதை நடத்துபவருக்குத் தெரியும். இலவசமாகத் தருபவர் அதை எதற்காகச் செய்கிறார் என்று அன்று கேட்கும் நிலையில் எங்கள் வீட்டில் எவரும் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் போட்டிருப்போம் என்றே நினைக்கிறேன். நானாவோடு பேச வேண்டியிருந்தது. ஆனால் தேவை முடிந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் அது உள்ளே இருந்திருக்கிறது. கொன்ட்ரோல் பெனலில் போய் மென்பொருளை நீக்கினேன். அதற்குப் பிறகும் அடப்டர் போகவில்லை. டிவைஸ் மெனேஜரில் மறைந்திருக்கும் சாதனங்களையும் காட்டச் சொல்லி, அதன் டிரைவரையும் சேர்த்து அழித்தேன். நட்சத்திரப் பெயர்களை அழிக்கவில்லை. அழித்தாலும் விண்டோஸ் மீண்டும் உண்டாக்கிவிடும். பிடிக்காதவர்கள் அவற்றை முடக்கி வைக்கலாம். ஹொட்ஸ்பொட் வேலை செய்யாது, அவ்வளவுதான்.

மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. மூடியை மூடிவிட்டுத் தொழுதுவிட்டு வந்து திறந்தேன். வைபை இல்லை.

ஆம், அத்தனை விசாரணைக்கும் பிறகு! சோதனைக்காக நட்சத்திரப் பெயர்கள் இரண்டையும் முடக்கிவிட்டு மூடித் திறந்தேன். அப்போதும் இல்லை. ஆகவே கோளாறுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. அவற்றை மீண்டும் இயக்கிவிட்டு, அதுவரை எவரும் சந்தேகிக்காத ஆளிடம் போனேன்: உண்மையான வைபை காட். டிவைஸ் மெனேஜரில் அதன் மேல் வலது சொடுக்கு, புரொபர்ட்டீஸ், பவர் மெனேஜ்மன்ட். மின்சாரத்தைச் சேமிப்பதற்காக இந்தச் சாதனத்தை அணைக்கக் கணினிக்கு அனுமதி என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சரி அடையாளம். மூடியதும் அது காட்டைத் தூங்க வைத்துவிட்டு, திறக்கும்போது எழுப்ப மறந்திருக்கிறது. அந்தச் சரியை எடுத்துவிட்டேன். அன்றும், அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் மஃரிபுக்குப் பிறகு வைபை இருந்தது. நான்காம் நாள் அலுமாரித் திறப்பு மீண்டும் உம்மாவின் கைக்குப் போனது.

இரண்டு மாதம் கழித்து விண்டோஸின் பெரிய அப்டேட் ஒன்று வந்தது. கடைக் கணக்கு எழுத உட்கார்ந்த வாப்பா, நான் கற்றுக்கொடுத்த கட்டளையைத் தானே ஒரு விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்கள் மாறி, 'கனெக்ஷன்* 3' என்று புதிதாக ஒன்று இருந்தது. என்னைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. விபர வரி வரைக்கும் விரலை நகர்த்தி வாசித்துவிட்டு, "ரெண்டாவது சிம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு திரையை மூடினார்.