13ஆம் எண்ணைத் தேடி

காலி லினக்ஸில் மென்பொருள் நிறுவக் கற்றுக்கொள்பவரை முதலில் வரவேற்பது பெரும்பாலும் ஒரு மறுப்புதான். ‘ஏபிடி இன்ஸ்டால்’ என்ற கட்டளையைத் தந்ததும், பூட்டுக் கோப்பைத் திறக்க இயலவில்லை என்ற செய்தி வரும். அதன் ஓரத்தில் அடைப்புக்குறிக்குள் ‘13: பெர்மிஷன் டினைட்’ என்றிருக்கும். அடுத்த வரி ‘நீங்கள் ரூட்டா?’ என்று கேட்கும். மலேசியாவின் மலாக்கா மாநிலத்து ஜாசினில் ஒரு பழைய மடிக்கணினியின் முன் இக்கட்டுரையாளருக்கு நேர்ந்ததும் இதுவே. அந்த 13 எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில் இத்தேடல் தொடங்கியது.

காலி லினக்ஸ் அன்றாட வேலைக்கான இயங்குதளம் அன்று. கணினிப் பாதுகாப்பைச் சோதிப்பவர்களுக்கானது. டெபியனை அடித்தளமாகக் கொண்டு, பேக்டிராக் என்ற முன்னோடியின் வாரிசாக 2013 மார்ச்சில் வெளிவந்தது. மலாக்காவில் டுரியான் துங்கல், புக்கிட் பெருவாங் ஆகிய இடங்களில் உள்ள பல்கலைக்கழக வளாகங்களில் கணினிப் பாதுகாப்பு தனிப் பாடப்பிரிவாகவே உண்டு. தோட்டப்புறத்திலிருந்து அங்கே படிக்கப் போகும் பிள்ளை இந்த மறுப்பை என்றாவது ஒருநாள் பார்த்தே தீரும்.

முதல் தடயம் வழிகாட்டிக் குறிப்புகளில் கிடைத்தது. பழைய குறிப்புகளில் கட்டளைக்கு முன், முழு அதிகாரம் கோரும் ‘சூடோ’ என்ற சொல்லே இல்லை. அது எழுதியவர்களின் பிழையன்று. 2019 வரை காலியில் நுழைபவர் ‘ரூட்’ என்ற முழு அதிகாரக் கணக்கிலேயே நுழைந்தார். அவரை எதுவும் தடுக்கவில்லை. 2020 ஜனவரியில் வந்த 2020.1 பதிப்பிலிருந்து, நுழைபவர் சாதாரணப் பயனராக்கப்பட்டார். பழைய குறிப்பும் புதிய இயங்குதளமும் சந்திக்கும் இடத்தில்தான் தொடக்கநிலையாளர் தடுமாறுகிறார்.

எண்ணின் தடம் இன்னும் பின்னே போகிறது. 1975இல் வெளியான யூனிக்ஸ் 6ஆம் பதிப்பின் பிழைப் பட்டியலிலும் அனுமதி மறுப்புக்கு 13தான் எண். யூனிக்ஸ், பெல் ஆய்வுக்கூடத்தில் 1969இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கியது. 1971இல் வந்த முதல் கையேட்டிலேயே கோப்பின் உரிமையாளருக்கு ஓர் அனுமதி, மற்றவர்களுக்கு வேறோர் அனுமதி என்ற பிரிவு இருந்தது. ‘குழு’ என்ற நடுப்படி பின்னர் சேர்ந்தது. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டுவது வழக்கம். 755 என்றால் உரிமையாளருக்கு மூன்றும் உண்டு. குழுவுக்கும் மற்றவர்க்கும் படிக்கவும் இயக்கவும் மட்டுமே.

இந்தப் பிரிவினைக்குக் காரணம், அன்று ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டதே. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் சி.டி.எஸ்.எஸ். என்ற இயங்குதளம் அத்தகைய முன்னோடி. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், கடவுச்சொல் கோப்பையே அச்செடுத்துவிட்டார். பூட்டு வந்தபோதே பூட்டைத் தாண்டும் வழியும் வந்துவிட்டது.

சூடோ பிறந்தது 1980 வாக்கில், நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில். பாப் காகெஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் அதை எழுதினர். தோட்டத்து ஸ்டோரை நினைத்தால் அதன் வேலை எளிதில் விளங்கும். உரமும் களைக்கொல்லியும் பூட்டிய அறைக்குள், சாவி கணக்கெழுதும் கிராணியிடம். வேலையாள்களை மேற்பார்க்கும் மண்டோர் சீட்டைக் காட்டினால் அன்றைய வேலைக்கான அளவு கிடைக்கும், புத்தகத்தில் பதிவாகும், சாவி மட்டும் கைமாறாது. சூடோவும் அப்படித்தான். பயனர் தம் சொந்தக் கடவுச்சொல்லைத் தருகிறார். ஒரு கட்டளைக்கு மட்டும் ரூட்டின் அதிகாரம் கிடைக்கிறது. அது பதிவேட்டில் ஏறுகிறது.

இவ்வளவும் தெரிந்தபின் சிக்கலைத் தீர்க்கும் வரிசை தானே அமைகிறது. முதலில் ‘ஐடி’ என்று தட்டி, எந்தப் பயனர், எந்தெந்தக் குழுக்கள் என்று பார்க்க வேண்டும். பட்டியலில் சூடோ குழு இருந்தால், கட்டளைக்கு முன் ‘சூடோ’ சேர்ப்பதே போதும். இல்லையென்றால் நிர்வாகி அக்குழுவில் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் வெளியேறி மீண்டும் நுழைந்தால்தான் அது செயலுக்கு வரும். ‘பூட்டு வேறொருவர் கையில்’ என்ற பொருளில் செய்தி வந்தால் அது அனுமதிச் சிக்கலே அன்று; பின்னணியில் வேறொரு நிறுவல் ஓடுகிறது, அது முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

பதிவிறக்கிய நிரல் இயங்க மறுத்தால், அதற்கு இயக்கும் அனுமதி கொடுக்கப்பட்டிருக்காது. ‘சிஎச்மோட்’ கட்டளை அதைத் தரும். இக்கட்டுரையாளர் ஒரு மாலை முழுவதும் அக்கட்டளையைத் தந்தும் பலன் இல்லை. கோப்பு இருந்தது பென்டிரைவில். அதன் ஃபேட் கோப்பு அமைப்பில் யூனிக்ஸ் அனுமதிகளை எழுதிவைக்க இடமே இல்லை. கோப்பை வீட்டு அடைவுக்கு நகலெடுத்து மீண்டும் கட்டளையைத் தந்ததும் அனுமதி ஒட்டிக்கொண்டது. எல்லாவற்றுக்கும் 777 கொடுத்துவிடும் பழக்கம் மட்டும் ஆகாது. அது ஸ்டோர் கதவைக் கழற்றிவைப்பதற்குச் சமம்.