கொடி கட்டுகிற கை

புடலங்காய் விலை சரிந்துவிட்டது, பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று விவசாயிகள் காயைக் கொடியிலேயே விட்டுவிட்டார்கள் என்றொரு செய்தி நாளிதழில் வந்திருந்தது. பந்தல், விதை, உரம், மருந்து, லாரி வாடகை என்று செலவுக் கணக்கு முழுவதும் அதில் இருந்தது. தரையில் கிடந்த கொடியைப் பந்தலில் ஏற்றிவிட்ட ஆளைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் நண்பரிடம் இதைச் சொல்லி ஆதங்கப்பட்டேன். “எங்க தோட்டத்துல கொடி கட்டுற அம்மா இப்ப வீட்டுப் பொடக்காளியிலயும் ஒரு சின்னப் பந்தலைப் பாத்துக்கறாங்க. வந்து பாருங்க” என்றார்.

கல்லுக்கால் நடுவது, மூலைக்கு மூலை கம்பி இழுத்து முறுக்குவது, ஏக்கருக்கு எத்தனை கிலோ கம்பி என்பதையெல்லாம் நண்பர் தோட்டத்தில் நின்று விளக்கினார். பெரிய சாகுபடிக்கான கணக்கு அது. நிரந்தரப் பந்தலுக்கு அரசு மானியமும் இருக்கிறது. நான் பார்க்க வந்தது நண்பர் வீட்டின் பின்புறத்தில் இருந்தது.

பத்துக்குப் பத்து அடி இடம். நான்கு மூலையிலும் எட்டடிச் சவுக்குக் கட்டை, அதில் ஒன்றரை அடி மண்ணுக்குள். சுற்றிலும் கம்பி, நடுவில் குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு. ஆள் நிமிர்ந்து நின்று கையை உயர்த்தினால் காய் பறிக்கலாம். ஒரு பக்கம் ஆடிப்பட்டத்தில் போட்ட புடலை, நல்ல காய்ப்பில் இருந்தது. எதிர்ப்பக்கம் பிந்திப் போட்ட பீர்க்கன். ஓரத்தில் வடக்கு தெற்காக ஒரு வலையை நிறுத்தி, அதன் அடியில் பாகல். காலை வெயில் ஒரு பக்கமும் மாலை வெயில் மறுபக்கமும் படவேண்டும் என்பதற்காக அந்தத் திசை.

அம்மாவுக்கு அறுபதை நெருங்கும் வயது. நாங்கள் போனபோது மதியம் திரும்பியிருந்தது. காலையிலேயே வேலையை முடித்திருக்கலாமே என்று கேட்டேன்.

“காலையில கொடியத் தொடக்கூடாதுங்க தம்பி. தண்ணி ஏறி வெடச்சுக்கிட்டு நிக்கும். வளைச்சா மளுக்குன்னு ஒடிஞ்சுபோயிரும். வெயில் ஏறிக் கொஞ்சம் வாடுனதுக்கு அப்புறம் தொட்டா, சொன்னபடி கேக்கும்.”

இரவெல்லாம் வேர் இழுத்த நீர் தண்டில் நிறைந்து நிற்பதால் வரும் விறைப்பு அது. எந்தப் புத்தகத்தையும் புரட்டாமல் அதற்கேற்ப வேலை நேரத்தையே வகுத்துக்கொண்டிருக்கிறார்.

நனைத்த வாழை நாரை எடுத்து, கயிற்றையும் தண்டையும் தனித்தனியே வளைத்து எட்டுப் போட்டுக் கட்டினார். சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டார். தண்டு பருக்கும்போது நார் இறுகிவிடக் கூடாது. பந்தல் உயரத்தைத் தொடும் வரை முளைக்கும் பக்கக் கிளைகளை நகத்தால் கிள்ளிவிடுகிறார். மேலே சேர்ந்ததும் நுனியையும் கிள்ளுகிறார். அதன் பிறகு கொடி நான்கு பக்கமும் கிளை விட்டுப் படரும். அந்தக் கிளைகளில்தான் காய்ப்பு அதிகம். அவரைக்கு முறை வேறு என்றார். அதற்குப் பற்றுக்கம்பி கிடையாது, தண்டே கம்பத்தைச் சுற்றி ஏறும். அது சுற்றுகிற பக்கமாகவே சுற்றிவிட வேண்டும். மாற்றிச் சுற்றினால் தானே பிரிந்துகொள்ளும்.

பாகல் கொடியின் பற்றுக்கம்பி ஒன்றை அருகில் வைத்துக் காட்டினார். நுனி வலையைப் பிடித்திருந்தது. நடுப்பகுதி சுருண்டிருந்தது. பாதித் தூரம் ஒரு பக்கமாகவும், இடையில் சிறு நேர்த்துண்டு விட்டு, மீதித் தூரம் எதிர்ப்பக்கமாகவும் சுருள். இரண்டு முனையும் பிடிபட்ட ஒன்று முறுக்கேறாமல் சுருள அதுதான் வழி. காற்றடித்தால் அந்தச் சுருள் நீண்டு கொடுக்கும், அறுந்துபோகாது. அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரே அனுப்பிய விதைகளை வளர்த்து, அந்தக் கொடியின் அசைவுகளை நோயோடு அறைக்குள் இருந்தபடியே கவனித்தவர் சார்லஸ் டார்வின். ஏறுகொடிகளைப் பற்றி அவர் 1865இல் வெளியிட்ட நீண்ட ஆய்வில் இந்த எதிரெதிர்ச் சுருளையும் விளக்கியிருக்கிறார். அம்மாவுக்கும் இது தெரியும். “சுருள் விழுந்திருச்சுன்னா நாரை அவுத்துரலாம். இனி அதுவே பாத்துக்கும்.”

புடலைப் பிஞ்சுகளின் நுனியில் சின்னச் சின்னக் கற்கள் தொங்கின. கோ 1 போன்ற நீள ரகங்களில் காய் ஐந்தடியைத் தாண்டும்; விட்டால் சுருண்டுகொள்ளும். கல் இலேசாக இருந்தால் காய் நிமிராது, கனத்தால் காம்பு அற்றுவிடும். பிஞ்சை விரலில் ஏந்திப் பார்த்தே எந்தக் கல் என்று முடிவு செய்கிறார். சின்ன வீடுகளுக்கு ஓரடி நீளமே வளரும் கோ 2 போதும், கல்லே வேண்டாம் என்றும் சொன்னார்.

பேச்சு அவர் கதைக்குத் திரும்பியது. பாவாடை கட்டிய வயதில் களை எடுக்க வந்தவர். கணவர் கல்லுக்கால் உடைக்கும் வேலைக்குப் போனவர். தூசி நெஞ்சில் படிந்து, இருமி இருமியே இறந்துபோனார். “இந்தப் பக்கத்துப் பந்தல் காலுல பாதி அவரு உடைச்சதுதான்” என்றார். கணவர் உடைத்த கல்லில் மனைவி கொடி ஏற்றி இரண்டு பிள்ளைகளை வளர்த்திருக்கிறார். இத்தனைக்குப் பிறகும் அவருக்குக் களையெடுப்புக் கூலிதான். கம்பி இழுக்கும் ஆணுக்குக் கிடைப்பதில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. கம்பி இழுப்பது தொழில், கொடி கட்டுவது பொம்பளை வேலை.

சந்தையில் இந்த வேலைக்கு என்ன மதிப்பு என்று பாருங்கள். நேராக வளர்ந்த காய் முதல் தரம், வளைந்தது கழிவு. நேராக்கிய கைக்குத் தனிக் கூலி இல்லை, ஆனால் வளைந்துபோனால் உடனே விலை பிடித்தம். கமிஷன், சுமைகூலி, வாடகை, எடைக்கு மேல் கழிவு என்று ஒவ்வொருவரும் தம் பங்கை எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் விவசாயிக்கு. அதில் மிஞ்சினால்தான் கூலியாளுக்கு. ஏலத்தில் விலை பாதியானாலும் கமிஷன் மண்டிக்காரர் கையிலிருந்து ஒரு பைசா போவதில்லை. மழையும் பழ ஈயும் வைரஸ் நோயும் அவரைத் தொடுவதில்லை. ஒரு கொடியைக்கூடத் தொட்டறியாதவர் காயின் தரத்தைத் தீர்மானிக்கிறார். இது வியாபாரம் என்றால், உழைப்பவரை ஓரத்தில் நிறுத்திவைக்கும் வியாபாரம்.

இதை மாற்றத்தான் 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. இடைத்தரகர் இல்லாமல் விற்க வழி செய்த நல்ல திட்டம். ஆனால் சாகுபடிச் சான்று காட்டினால்தான் அங்கே அடையாள அட்டை. நிலமில்லாத இந்த அம்மாவுக்கு அங்கும் இடமில்லை. அவருடைய சொந்தச் சாகுபடி ஓட்டு வீட்டின் மேல் ஏற்றிய ஒற்றைச் சுரைக்கொடி. தின்றது போக மீதியை அக்கம்பக்கத்தில் விற்கிறார். “அதுல யாரும் கழிவு புடிக்க முடியாதுங்க” என்றார்.

கொல்லையில் பத்தடி இடம் உள்ளவர்கள் பந்தல் போடுங்கள். ஒரு குடும்பத்துக்கு வாரம் இரண்டு நாள் குழம்புக்கும் பொரியலுக்கும் காய் வரும். போடும்போது கொடி கட்டத் தெரிந்த ஒரு பெண்ணைக் கூப்பிடுங்கள். கொத்தனாருக்குக் கொடுக்கும் கூலியையே அவருக்கும் கொடுங்கள். பெருந்தோட்டக்காரர்களும் இதைச் செய்யட்டும். கற்றுத் தேர்ந்த வேலைக்குக் கற்றுத் தேர்ந்த கூலி என்று ஒரு ஊரில் நடைமுறைக்கு வந்தால், அடுத்த ஊரில் பெண்கள் கேட்பார்கள். கேட்க வேண்டும்.